தானே எண்ணெய் வைத்திருக்கும் சைக்கிள் செயின் வாங்கலாமா?

நாள்தோறும் வேலைக்குச் சைக்கிளில் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. செயினுக்கு எண்ணெய் விடுவதும் துடைப்பதும் கால்சட்டையில் ஏறும் கறையைக் கழுவுவதும் அவருக்குச் சலித்துவிட்டன. எண்ணெயே விட வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும், தனக்கு வேண்டிய எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் செயினை வாங்கினால் இந்த வேலை ஒழியுமா, கூடுதல் விலைக்கு அது தகுமா என்று அறிய விரும்புகிறார். பின்சக்கரத்தில் ஒரே பல்சக்கரம் உள்ள, செயின் முழுவதும் கவருக்குள் ஓடும் சைக்கிளானால், ஆண்டுக்கு ஓரிரு முறைகூட எண்ணெய் விட முடியாதவருக்குத் தகும் என்பேன். பல பல்சக்கரங்களை அடுக்கிய கியர் சைக்கிளானால் தகாது. அதற்குப் பொருந்தும்படி உண்மையில் எண்ணெய் ஊறிய புஷ் (மூட்டுக்குள் இருக்கும் சிறு குழாய்) கொண்ட செயினைச் செய்ய இடமே இல்லை. இப்படிச் சொல்வதற்கான காரணம் செயினின் உள்ளமைப்பில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சைக்கிள் செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய புஷ் ரோலர் செயினின் அமைப்புதான் சிறு மாறுதல்களோடு இன்றும் நிலைத்திருக்கிறது. வெளித்தகடுகள் இரண்டையும் ஓர் உருளை ஆணி இணைக்கிறது. மெக்கானிக்குகள் இதைத்தான் பின் என்பார்கள். உள்தகடுகள் இரண்டையும் புஷ் எனப்படும் சிறு குழாய் இணைக்கிறது. ஆணி புஷ்ஷுக்குள் திரும்புகிறது, புஷ்ஷின் மேல் ரோலர் உருள்கிறது, ரோலர் பல்சக்கரத்தின் பற்களுக்கு நடுவே அமர்கிறது. செயின் பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு மூட்டும் மடங்கி நிமிர்வதால், உராய்வின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அந்த ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையில்தான் நிகழ்கிறது. எண்ணெய் வேண்டிய இடம் அதுவே. நாம் பளபளப்பாகப் பார்க்கும் வெளித்தகட்டுக்கு, துருப் பிடிக்காமல் காக்கும் ஒரு மெல்லிய படலத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை.

அந்த மூட்டு எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 114 கண்ணிகள் கொண்ட செயின், 50 பற்கள் உள்ள முன் பல்சக்கரம், நிமிடத்துக்கு 90 மிதிச் சுற்று என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 4,500 கண்ணிகள் முன் பல்சக்கரத்தைக் கடக்கின்றன. அதாவது செயின் முழுதாக ஏறத்தாழ 39 முறை சுற்றிவருகிறது. கியர் மாற்றியின் இரண்டு சிறு சக்கரங்களையும் சேர்த்தால் ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் எட்டு முறை அசைகிறது. ஒரு மணி நேரத்தில் இது ஏறத்தாழ 19,000 அசைவுகள் ஆகிறது. ஓட்டுபவர் 70 கிலோ எடையுள்ளவராக இருந்து முழு எடையையும் ஒரு மிதியின் மேல் வைத்தால், 170 மில்லிமீட்டர் நீளமுள்ள மிதிக்கரம் வழியாக அந்தச் செயினில் ஏறத்தாழ 120 கிலோ இழுவிசை உண்டாகிறது; 34 பற்கள் உள்ள சிறிய பல்சக்கரத்தில் ஏறினால் அது 170 கிலோவைத் தாண்டிவிடும். இவ்வளவு விசையையும் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள ஓர் ஆணிதான் தாங்குகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் எண்ணெய் இல்லாவிட்டால் மிதிப்பதே கடினமாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரும் அவருடைய குழுவினரும் 1990களின் இறுதியில் நடத்திய அளவீடுகள் இந்த எண்ணத்தை ஆட்டங்காண வைத்தன. மிதியில் செலுத்திய ஆற்றலில் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும் பங்கு, நிலைமையைப் பொறுத்து, 81 சதவீதம் முதல் 98.6 சதவீதம் வரை இருந்தது. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை பல்சக்கரத்தின் அளவும் செயினின் இழுவிசையும்தான். எந்த எண்ணெயை விட்டார்கள் என்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு எண்ணெயே தேவையில்லை என்று முடிவு கட்டுவது தவறு. அது தூசு இல்லாத ஆய்வுக்கூடத்தில், குறுகிய நேரத்துக்கு நடந்த சோதனை. ஸ்பைசரின் கருத்தில், எண்ணெயின் பணி மூட்டின் இடைவெளியை நிரப்பிக்கொண்டு அழுக்கு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதே. என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. செயினைத் தின்பது மணலும் நீரும் உலோகத் துகளும் சேர்ந்த கருஞ்சேறுதான். எண்ணெய் குறைவதால் நேரும் பெரிய கேடு, அந்தச் சேறு புகுவதற்கு வழி திறந்துவிடுவது. எண்ணெய் அளவுக்கு மீறி வழிந்தாலும் அதே கேடுதான், ஏனென்றால் பிசுபிசுப்பான வெளிப்பரப்பு தெருப்புழுதியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது.

இப்போது தானே எண்ணெய் வைத்திருக்கும் செயினுக்கு வருவோம். இந்தப் பெயரில் சந்தையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில பொருள்கள் உலவுகின்றன. அவற்றில் பெயருக்கு முழுத் தகுதி உடையது எண்ணெய் ஊறிய புஷ் கொண்ட செயின் மட்டுமே. உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் இடையிடையே நுண்துளைகள் எஞ்சி நிற்கும். மொத்தக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இவை இருக்கலாம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அந்தத் துளைகளில் எண்ணெயை ஏற்றிவிடுகிறார்கள். இயங்கும்போது ஏற்படும் சூட்டில் எண்ணெய் விரிந்து வெளியே கசிகிறது. நின்று குளிர்ந்ததும் துளைகள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இது புதுமையான உத்தி அன்று. கிரைஸ்லர் நிறுவனம் 1930 வாக்கிலேயே இந்த வகைப் புஷ்களை ஆயிலைட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. மின்விசிறி போன்ற சிறு மோட்டார்களில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உழைப்பவை இவைதான்.

செயினில் இந்த உத்தியை முழுமையாகப் பயன்படுத்தியது தொழிற்சாலை. ஜப்பானின் சுபாகி நிறுவனம் லாம்டா என்றும், ஜெர்மனியின் ஐவிஸ் நிறுவனம் மெகாலைஃப் என்றும் விற்கும் செயின்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. உணவுப்பொருளைப் பொட்டலமிடும் இயந்திரத்திலோ காகிதமும் துணியும் நகரும் வரிசையிலோ ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் பொருள் பாழாகும். சில இடங்களில் எண்ணெய் விட ஆள் கையை நீட்டவே முடியாது. அங்கே இந்தச் செயின் தன் விலையை மீட்டுத் தருகிறது. ஆனால் அந்த இடங்களின் இயல்பைக் கவனிக்க வேண்டும். அங்கே கூரை உண்டு, மழையும் தெருமணலும் இல்லை, செயின் ஒரே நேர்கோட்டில் ஒரே வேகத்தில் ஓடுகிறது. விளம்பரங்களில் காணும் ‘பல மடங்கு ஆயுள்’ என்ற சொல்லையும் எதனோடு ஒப்பிட்டது என்று கேட்ட பிறகே ஏற்க வேண்டும். எண்ணெயே விடாமல் ஓட்டிய சாதாரணச் செயினோடு ஒப்பிட்டால் பல மடங்கு வருவது இயல்பு. முறையாக எண்ணெய் விட்டுத் துடைத்த சாதாரணச் செயினோடு ஒப்பிட்டால் அந்தப் பெருமை வெகுவாகச் சுருங்கிவிடும்.

சைக்கிளில் இதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதல் தடை இடம். பல பல்சக்கரங்களை நெருக்கமாக அடுக்குவதற்காகச் செயினின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒற்றைப் பல்சக்கரச் சைக்கிளின் செயினில் உள்தகடுகளுக்கு இடையே 3.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. பன்னிரண்டு கியர் செயினில் அது ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர்தான், வெளி அகலமே ஐந்தேகால் மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதைவிடப் பெரிய செய்தி, இந்தச் செயின்களில் புஷ் என்ற தனி உறுப்பே இல்லை. பிரான்ஸின் செடிஸ் நிறுவனம் முன்னோடியாக இருந்து 1980களில் பரவிய முறையில், உள்தகட்டின் துளை விளிம்பையே சிறு கழுத்தாக உள்நோக்கி மடித்து, இரு பக்கக் கழுத்துகளும் சேர்ந்து புஷ்ஷின் வேலையைச் செய்யும்படி விட்டுவிட்டார்கள். செயின் பக்கவாட்டில் வளைந்து கியர் மாறுவதற்கு இது உதவுகிறது. இரு கழுத்துகளுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக வெளியிலிருந்து விடும் எண்ணெயும் ஆணியை எளிதில் அடைகிறது. எண்ணெய் ஊற வைப்பதற்கான புஷ்ஷே இல்லாத செயினை எண்ணெய் ஊறிய புஷ் செயினாக்க வழியில்லை.

இரண்டாவது தடை அசைவின் தன்மை. மின்விசிறியின் தண்டு தொடர்ந்து வேகமாகச் சுழல்வதால் எண்ணெய் வெளியே இழுபட்டு, தண்டைச் சுற்றி ஒரு படலமாக நிற்கிறது. செயினின் ஆணி ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. 50 பற்கள் உள்ள சக்கரத்தில் ஏறும்போது 7 டிகிரியும், 17 பற்கள் உள்ள சக்கரத்தில் 21 டிகிரியும் திரும்பிவிட்டுத் திரும்பவும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. சூடும் அவ்வளவாக ஏறுவதில்லை. எண்ணெய் கசிவதற்கு வேண்டிய தூண்டுதல் குறைவாகவும், தாங்க வேண்டிய அழுத்தம் மிகுதியாகவும் இருக்கும் இடம் இது. போதாததற்கு, நுண்துளை நிறைந்த உலோகம் கெட்டியான எஃகைவிட வலுக்குறைந்தது. அதற்காகப் புஷ்ஷைத் தடிமனாக்கினால் முன்சொன்ன இடப்பிரச்சினை மறுபடியும் குறுக்கே வருகிறது.

மூன்றாவது தடை மழை. புஷ்ஷுக்குள் இருக்கும் எண்ணெய் ஆணியைக் காக்கும். வெளித்தகட்டையோ, ரோலரின் வெளிப்பக்கத்தையோ, பல்சக்கரத்தின் பற்களையோ அது காக்காது. நான் மூன்று கியர் ஹப் கொண்ட, அதாவது கியர்கள் பின்சக்கரத்தின் மையத்துக்குள்ளேயே அடங்கிய சைக்கிளில் இப்படியொரு செயினைப் பொருத்திச் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். முழுக் கவரோடு ஓட்டிய முதல் ஆண்டில் அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லாமல் இருந்தது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிறகு கவர் உடைந்து, அதை மாற்றாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டினேன். தகடுகளில் துரு ஏறியது, அடுத்த சில மாதங்களில் கீச்சென்ற ஒலி தொடங்கியது, மேலே விட்ட எண்ணெய் இரண்டொரு நாளுக்குமேல் பலன் தரவில்லை. கழற்றிச் சில ஆணிகளைத் தள்ளிப் பார்த்தபோது மூட்டுகளுக்குள் செம்பழுப்பு நிறத் தூள் படிந்திருந்தது. ஆணியும் புஷ்ஷும் வறண்டு உராய்ந்ததற்கு அந்தத் தூளே அடையாளம்; சாதாரணச் செயினிலும் மூட்டோரத்தில் அது தெரிந்தால் எண்ணெய் உள்ளே போகவில்லை என்று பொருள். உள்ளிருந்த கையிருப்பு ஒருமுறை தீர்ந்துவிட்டால் வீட்டில் அதை மீண்டும் நிரப்ப முடியாது என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

இந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டிருக்கும் மற்ற பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஃப்ளான் வகைப் பொருள் கலந்த பூச்சுடன் வரும் செயின்கள் நல்லவையே. சைக்கிள் உறுப்புகள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் சில்-டெக் பூச்சு இதற்கு உதாரணம். உராய்வையும் துருவையும் ஓரளவு குறைக்கும் இவற்றுக்கும் எண்ணெய் விட்டே தீர வேண்டும். ஆணியின் மேற்பரப்பைக் கடினமாக்கும் குரோமியப் பூச்சும் அப்படியே: தேய்மானம் குறையும், எண்ணெய்த் தேவை குறையாது. புதுச் செயினில் உற்பத்தியாளரே நிரப்பி அனுப்பும் கிரீஸைக் காட்டி ‘எண்ணெய் விட்டே வருகிறது’ என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். எல்லாச் செயினும் அப்படித்தான் வருகிறது. மோட்டார் சைக்கிள் செயினில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை வைத்து இருபுறமும் ரப்பர் வளையம் இட்டு மூடியிருப்பார்கள். கருத்தளவில் அதுதான் மிகச் சிறந்த தீர்வு, ஏனென்றால் அது எண்ணெயை உள்ளே வைப்பதோடு அழுக்கை வெளியே நிறுத்தியும் வைக்கிறது. ஆனால் வளையங்கள் செயினை அகலமாக்குகின்றன, ஒவ்வொரு மடிப்பிலும் சிறிது ஆற்றலை விழுங்குகின்றன. பல்லாயிரம் வாட் தரும் எஞ்சினுக்கு அது பொருட்டில்லை. நிதானமாக மிதித்து நூறு வாட் அளவே தரும் மனிதக் காலுக்கு ஒவ்வொரு வாட்டும் கணக்கில் வரும்.

ஆகவே, சைக்கிளைப் பொறுத்தவரை, செயினுக்குள் எண்ணெயைப் புகுத்துவதைவிடச் செயினை மூடிவைப்பதே மேல் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். இதுவும் பழைய அறிவுதான். இங்கிலாந்தின் சன்பீம் சைக்கிள்கள், செயினை முழுக்க மூடிய பெட்டிக்குள் வைத்து அதிலேயே சிறிது எண்ணெயையும் தேக்கிய அமைப்புக்காகப் பெயர் பெற்றவை. அந்தச் செயின்கள் மிக நீண்ட காலம் உழைத்தன. இன்றும் நெதர்லாந்தின் அன்றாடச் சைக்கிள்களில் முழுக் கவர் சாதாரணமாகக் காணப்படுகிறது. ஒற்றைப் பல்சக்கரமோ ஹப் கியரோ உள்ள எந்தச் சைக்கிளிலும் இப்படிச் செய்யலாம். கவர் இருந்தால் சாதாரணச் செயினே ஆண்டுக்கு ஓரிரு முறை எண்ணெய் விட்டால் நன்றாக ஓடும். கால்சட்டைக் கறையும் அப்போதே தீர்ந்துவிடும். அந்த ஓரிரு முறையும் முடியாது என்பவருக்கும், பலர் மாறி மாறி ஓட்டி யாரும் கவனிக்காமல் விடும் சைக்கிளுக்கும்தான் எண்ணெய் ஊறிய செயினைப் பரிந்துரைப்பேன். புதிதாகச் சைக்கிளே வாங்கப் போகிறவர் பல் பொருத்திய பெல்ட் ஓடும் சைக்கிளையும் பார்க்கலாம். அதற்கு எண்ணெயே இல்லை, ஆனால் பெல்ட்டை நுழைக்கச் சட்டத்தில் திறப்பு வேண்டும் என்பதால் இருக்கும் சைக்கிளில் பொருத்துவது பெரும்பாலும் நடக்காது.

கியர் சைக்கிள் வைத்திருந்து கறையையும் அழுக்கையும் வெறுப்பவருக்கு உகந்தது மெழுகு. புதுச் செயினின் கிரீஸை முற்றாகக் கழுவி உலர்த்தி, உருகிய பாரஃபின் மெழுகில் அமிழ்த்தி, அசைத்து, மூட்டுகளுக்குள் இறங்கிய பின் எடுத்துத் தொங்கவிட வேண்டும். ஆறியதும் மெழுகு இறுகி மூட்டுகளை நிரப்பிவிடும். தொட்டால் கையில் ஒட்டாது, மணல் படிந்தாலும் உதிர்ந்துவிடும். உலர்ந்த சாலையில் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், நனைந்தால் அன்றே துடைத்து உலர்த்த வேண்டும். சாதாரணப் பாரஃபின் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடுவதால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினாலே போதும். அடுப்புத் தீயில் நேரடியாக வைத்தால் மெழுகு தீப்பிடிக்கக்கூடும்.

இதுவும் வேண்டாம், எண்ணெயே போதும் என்றால், கறைக்குக் காரணம் எண்ணெய் விடுவதன்று, துடைக்காமல் விடுவதுதான் என்பதைக் கவனியுங்கள். கீழ்ப்பகுதியில் ஓடும் செயினின் உட்புறமாக, ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்றி, பத்து நிமிடம் பொறுத்து, பழந்துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு துணியில் கறுப்பு ஏறுவது ஏறக்குறைய நிற்கும்வரை துடைக்க வேண்டும். வெளியே எதுவும் இல்லாததுபோல் தோன்றினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். என் பட்டறைக்கு வந்த கறைபிடித்த செயின்களில் பெரும்பாலானவை எண்ணெய் குறைந்து கெட்டவை அல்ல. வாரந்தோறும் அன்போடு எண்ணெய் ஊற்றி, ஒருமுறைகூடத் துடைக்காமல் விட்டவை.

ஏற்கெனவே எண்ணெய் ஊறிய செயினை வாங்கிவிட்டவர்கள் செய்யக்கூடாத ஒரு காரியம் உண்டு. மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ டிகிரீசர் எனும் எண்ணெய்ப்பசை நீக்கியிலோ அதை ஊறவைக்கக் கூடாது. துளைகளில் இருக்கும் எண்ணெயைக் கரைத்து வெளியே எடுத்துவிட்டால் நீங்கள் விலை கொடுத்து வாங்கியதே போய்விடும். அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் ஆகாது. உலர்ந்த துணியால் துடைத்து, துருவைத் தடுக்க எண்ணெய் தோய்ந்த துணியால் வெளித்தகட்டை ஒருமுறை தடவிவிட்டால் போதும்.

எந்தச் செயினாக இருந்தாலும் அதை மாற்றும் நாளை ஓர் அளவுகோல் சொல்லிவிடும். செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது தகடு நீள்வதால் அன்று, ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து மூட்டுகள் தளர்வதால். 24 கண்ணிகளை ஆணியின் மையத்திலிருந்து மையம்வரை அளந்தால் புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். பதினொன்று, பன்னிரண்டு கியர் செயின்களை அப்போதே மாற்றிவிடுவது நல்லது. ஒற்றைப் பல்சக்கரச் சைக்கிளில் 3 மில்லிமீட்டர்வரை பொறுக்கலாம். எண்ணெய் ஊறிய செயினை மாதம் ஒருமுறை இப்படி அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாதங்கள் அசையாமல் நின்ற அளவு திடீரென ஏறத் தொடங்கினால் உள்ளிருந்த எண்ணெய் தீர்ந்துவிட்டது, அதன்பின் அந்தச் செயின் நீண்ட நாள் தாங்காது.